இப்படிக்கு, ஊர் பொதுமக்கள்

“அந்த ‘மற்றும்’ வேண்டாம் சார். எடுத்துருங்க.”

சுடர்விழி சொன்னதும் சமுதாயக் கூடத்தில் எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்த பிரசாந்த் கையைத் தூக்கிக்கொண்டு, இவள் இப்போது என்ன சொன்னாள் என்பதுபோலத் தன் அப்பா முத்துராமனைத் திரும்பிப் பார்த்தான்.

“எந்த ‘மற்றும்’?” என்று கேட்டார் ஆத்மநாதன். தாலுகா ஆபீஸில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இலுப்பக்காட்டிலிருந்து எந்த ஆபீஸுக்கு எந்தக் காகிதம் போனாலும் அவர் சொல்லச் சொல்லத்தான் எழுத வேண்டும். ஒரு கமாவை இடம் மாற்றினாலும் மனுசன் நெளிவார்.

“கடைசில வாசிச்சீங்கள்ல, ‘இப்படிக்கு, ஊர் பொதுமக்கள் மற்றும் காலனி மக்கள்’னு. ஊர் பொதுமக்களோட நிறுத்திக்கிடுங்க. நாங்களும் அதுக்குக் கீழயே கையெழுத்துப் போடுறோம்.”

கேட்கவே கூடாது என்று சொல்லி அவளை வளர்த்த கேள்வி அது. எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகிய வயசில், பஸ் வரும் முக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த திருவிழா நோட்டீசை அவள் சத்தமாக வாசித்தாள். கடைசி வரிக்கு வந்ததும், “ஊர் பொதுமக்கள்னா அதுல நாம இருக்கமாப்பா?” என்றாள். அப்பா முனியசாமி சட்டென்று அவள் வாயைப் பொத்தினார். அந்தக் கையில் மல்லிகைப்பூ வாசம் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் பேசினார். “எதை வேணாலும் கேளு ஆத்தா. ரேஷன்ல எடை குறையுதுன்னு கேளு, வாத்தியாரு வரலன்னு கேளு. நாமளும் ஊருதானேன்னு மட்டும் எவன்கிட்டயும் கேட்டுறாத.”

இன்றைக்குக் கேட்டுவிட்டாள். அவரோ வாசப்படிக்கு வெளியே, கழற்றிப்போட்ட செருப்புகளுக்கு நடுவில் நின்று கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று சுடர்விழி வைராக்கியமாக இருந்தாள். பார்த்தால் வாய் அடைத்துவிடும்.

ஊர்க்காரர்கள் சிவப்பு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். கீழத்தெருக்காரர்கள் சுவரோரமாகத் தரையில். எதிர்ச் சுவரோரம் இன்னும் ஒரு அடுக்கு நாற்காலி சும்மா கிடந்தது. யாரும் எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை, எடுக்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. சுடர்விழி வந்ததும் அதில் ஒன்றை உருவி மேசைக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டாள். அப்போதே பாதிப் பேருக்கு மூஞ்சி சுருங்கிவிட்டது.

“ஒரு வார்த்தைல என்னம்மா இருக்கு?” என்றார் முத்துராமன். ஊரில் முதல் நாற்காலி அவருடையது. பூந்தோட்டமும் பலாத் தோப்புமாகக் கண்ணுக்கெட்டிய மட்டும் அவர் நிலம். முனியசாமிக்கு வேலையும் அங்கேதான். வரப்போகிற உள்ளாட்சித் தேர்தலில் நிற்கிறார். பஸ் கொண்டுவந்த மனுசன் என்று பேர் வாங்கிவிட்டுத்தான் ஓட்டுக் கேட்டு வருவேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

“ஒண்ணும் இல்லைன்னா எடுத்துரலாம்ல சார்.”

காலேஜுக்குப் போய்வந்த நாளிலிருந்து ஊரில் எல்லாரையும் அவள் ‘சார்’ என்றுதான் கூப்பிட்டாள். ‘ஐயா’ வாயில் வருவதில்லை. முத்துராமனுக்கு அந்த ‘சார்’ ஒவ்வொரு தடவையும் பல்லில் கல் மாட்டியதுபோல இருந்தது.

*

விஷயம் பஸ்தான். கீரமங்கலத்திலிருந்து வருகிற டவுன் பஸ் இலுப்பக்காடு முக்கத்தில் ஆளை இறக்கிவிட்டு மெயின் ரோட்டிலேயே போய்விடும். முக்கத்திலிருந்து உள்ளே நடந்தால் ஊர். ஊரைத் தாண்டினால் கண்மாய்க்கரை. இருபுறமும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் கரை. அது முடிகிற இடத்தில் கீழத்தெரு.

கீழத்தெரு ஆரோக்கியம்மாளின் மகள் பிளெஸ்ஸி புதுக்கோட்டையில் நர்சிங் படிக்கிறாள். கரையில் போன மாசம் பைக்கில் வந்த ரெண்டு பேர் அவள் பையைப் பிடித்து இழுத்தார்கள். கையில் இருந்த குடையால் ஒருத்தனை முகத்தில் குத்திவிட்டு ஓடிவந்தாள் பிள்ளை. அன்றைக்கே ஆரோக்கியம்மாள் சொல்லிவிட்டாள்: பஸ் தெருவுக்கு வந்தால் காலேஜ், வராவிட்டால் இந்த வருசத்தோடு சரி, மாதாவே வந்து சொன்னாலும் அனுப்ப மாட்டேன்.

பஸ் டெப்போ மேலாளர் நல்ல மனுசன்தான். “ஒரு நடை உள்ள விடலாம். ஆனா ஏறுறதுக்கு ஆள் இருக்கான்னு மேல கேப்பாங்க. ஏறப்போறவங்க கையெழுத்து ஒரு நூறாவது வாங்கி, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனுவாக் குடுங்க” என்றார். ஊரில் நூறு கையெழுத்துக்கு எங்கே போவது? பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, ஆள் துபாயிலும் சிங்கப்பூரிலும். மிச்ச வீட்டில் ஆளுக்கொரு பைக். அதனால்தான் கீழத்தெருவுக்கு ஆள் அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்துக்கு வாங்க, எல்லாரும் சேர்ந்து கையெழுத்துப் போடுவோம் என்று.

கீரமங்கலம் கடைத்தெருவில் ஜெராக்ஸும் இ-சேவையும் சேர்ந்த ஒரு கடையில் சுடர்விழிக்கு வேலை. அவள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். பி.காம். படித்துவிட்டு, நாள் முழுக்க அடுத்தவர் மனுவை டைப் அடிக்கிறாள். மின்வாரியத்துக்கு ‘என்றும் மாறா அன்புடன்’ என்று முடித்துக் கொண்டுவருவார் ஒருத்தர். தாசில்தாருக்கு ‘தங்கள் பொற்பாதம் பணியும்’ என்று எழுதிவருவார் இன்னொருத்தர். “காதல் கடுதாசியாண்ணே எழுதுறீங்க?” என்று கேட்டுவிட்டு, ‘இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள’ என்று மாற்றி, கீழே பேரும் ஊரும் போட்டுக் கொடுப்பாள். இதில் அவள் கண்டுகொண்டது ஒன்று உண்டு. ஆபீஸில் மனுவைக் கையில் வாங்குகிறவர் முதலில் பார்ப்பது கால்மாட்டைத்தான். கேட்கிறவன் யார் என்று தெரிந்த பிறகுதான், என்ன கேட்கிறான் என்று தலைமாட்டுக்கு வருவார்.

ரோடு விஷயத்தில் அதை அவள் தெருவே அனுபவித்திருக்கிறது. தார் ரோடு கேட்டு இதே ஆத்மநாதன் எழுதிய மனுவும் ‘ஊர் பொதுமக்கள் மற்றும் காலனி மக்கள்’ என்றுதான் முடிந்தது. ரோடு வந்தது. கோயில் வளைவு வரைக்கும் வந்து, கத்தியால் வெட்டியதுபோல நின்றது. கேட்கப் போனபோது இன்ஜினியர் சொன்னார்: “ஊருக்குத்தாம்மா சாங்ஷன். காலனிக்கு வேற திட்டம், வேற நிதி. ரெண்டும் வேற வேறன்னு நீங்களேதானே எழுதிக் குடுத்திருக்கீங்க.” இன்றைக்கும் மழை பெய்தால் கரையில் முழங்கால் மட்டும் சேறு.

அதைத்தான் இப்போது கூடத்தில் சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

“அது இன்ஜினியர் பண்ணுன கோளாறு. அதுக்கு என் லெட்டர் என்ன பண்ணும்?” என்றார் ஆத்மநாதன். “கடிதத்துக்குன்னு ஒரு மரபு இருக்கும்மா. யார் யாரு சேந்து குடுக்குறாங்களோ அவங்க எல்லாரையும் சொல்லித்தான் முடிக்கணும். ஒங்களையும் மதிச்சுத்தான் போட்டிருக்கு. சொல்லப்போனா, போடாம விட்டாத்தான் நீ சண்டைக்கு வரணும்.”

“மதிச்சுப் போடுறதுன்னா, மேலத்தெருவத் தனியா ஏன் சார் போடல? ‘மேலத்தெரு மக்கள் மற்றும் வடக்குத்தெரு மக்கள்’னு எழுத வேண்டியதுதானே? அவங்க மட்டும் எப்படி மொத்தமா ஊராயிட்டாங்க?”

நாற்காலிப் பக்கம் சலசலப்பு. “ஏ, என்னப்பா இது, பஸ்ஸுக்குக் கையெழுத்துப் போட வந்த பிள்ள ஊரப் பங்கு பிரிக்குது” என்றார் சேவுகன். முத்துராமனுக்குப் பங்காளி முறை. குரல் எப்போதும் ரெண்டு கட்டை தூக்கலாகத்தான் இருக்கும்.

பிரசாந்த் சிரித்தான். “விடுங்க சித்தப்பா. பி.காம்ல லெட்டர் ரைட்டிங் ஒரு பேப்பர் இருக்கும். படிச்சத எங்கயாவது எறக்கணும்ல.”

“ஆமாங்க. நான் படிச்சு பாஸ் பண்ணுன பேப்பர். நீங்க அதுல எத்தன அரியர் வச்சீங்கன்னு எனக்கும் தெரியும்.”

ரெண்டு பேரும் ஒரே காலேஜ். தரையில் உட்கார்ந்திருந்த பொம்பளைகளில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிரசாந்த் காது மடல் சிவந்துபோய் லேப்டாப்புக்குள் தலையைக் கவிழ்த்தான்.

“ஆத்தா.” முனியசாமியின் குரல். உள்ளே வரவில்லை, படியில் நின்றபடியே கூப்பிட்டார். “போதும் ஆத்தா. எப்படிப் போட்டா என்ன. ஐயா பாத்துச் செய்வாக.”

“ரோட்டையும் ஐயாதாம்பா பாத்துச் செஞ்சாக.”

சுடர்விழிக்குப் பக்கவாட்டில், தரையிலிருந்து, ஆரோக்கியம்மாள் பேசினாள். அடிக்குரலில்தான் பேசினாள். அதுதான் சுருக்கென்று தைத்தது.

“ஏடி, ஒன் ரோசத்துக்கு எம் மக படிப்ப அடகு வைக்காத. நீ டிகிரி வாங்கிட்ட. அவ இன்னும் வாங்கல. மத்தும்னு போட்டா என்ன, மத்தால கடஞ்சா என்ன? பஸ்ஸு வரணும். எனக்கு அவ்வளவுதான்.”

நாம்தான் தப்போ என்று சுடர்விழி ஒரு நிமிசம் ஆடிப்போனாள். ஒரு சொல்லுக்காக நூறு கையெழுத்தைப் பணயம் வைக்கிறோமோ, பிளெஸ்ஸி வீட்டோடு உட்கார்ந்துவிட்டால் காலம் பூராவும் அவள் முகத்தில் எப்படி முழிப்பது? இருந்தாலும் கோயில் வளைவில் வெட்டுப்பட்டு நிற்கிற அந்தத் தார் அவள் கண்ணை விட்டு நகரவில்லை.

“அத்த, பஸ்ஸு வரணும்னுதான் சொல்றேன். நம்ம தெருவுக்கு வரணும்னு சொல்றேன்.” பிறகு முத்துராமனைப் பார்த்தாள். “எடுத்தா கையெழுத்து. எடுக்கலைன்னா இல்ல.”

கூடம் முழுக்க முத்துராமனையே பார்த்தது. அவர் மேசைமேல் இருந்த தண்ணி பாட்டிலைத் திறந்து நிதானமாகக் குடித்தார். மூடியைத் திருகி மூடினார். ஆத்மநாதன் பக்கம் சாய்ந்து காதில் ஏதோ சொன்னார். ஆத்மநாதன் தலையாட்டினார்.

“எடுத்துரு தம்பி,” என்றார் முத்துராமன். “புள்ள ஆசப்படுது. ஊர் பொதுமக்கள்னே இருக்கட்டும்.”

“அண்ணே!” என்று சேவுகன் எழுந்தார். “இன்னைக்கு மனுல கேப்பாக. நாளைக்குக் கோயில் நோட்டீசுல கேப்பாக—”

“ஒக்காருப்பா. நான் பாத்துக்கிர்றேன்.”

பிரசாந்த் தட்டினான். பிரின்டர் முக்கி முனகி ஒரு தாளைத் துப்பியது. சூடு ஆறாத தாளை ஆத்மநாதன் எடுத்து, சுடர்விழி பக்கம் மேசையில் நகர்த்தினார். கையில் கொடுக்கவில்லை. அவள் எடுத்துப் பார்த்தாள். கடைசி வரி:

*இப்படிக்கு, இலுப்பக்காடு ஊர் பொதுமக்கள்.*

அவ்வளவுதான். வேறு ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. திரும்பி வாசப்படியைப் பார்த்தாள். முனியசாமி நம்பாத முகத்தோடு நின்றார். இத்தனை வருசம் வாய் பொத்தி வளர்த்ததெல்லாம் எதற்கு என்று அவரே கேட்டுக்கொள்வதுபோல இருந்தது. சந்தோசப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் மேட்டில் தண்ணி தானாக ஏறினால் சந்தேகப்பட வேண்டாமா?

*

கையெழுத்து ஆரம்பித்தது. முத்துராமன் முதலில் போட்டார். பிறகு சேவுகன், பிறகு நாற்காலிக்காரர்கள் ஒவ்வொருத்தராக. ரெண்டு கிழவிகள் கைநாட்டு வைத்தார்கள். மைப்பெட்டியை ஆத்மநாதனே பிடித்துக்கொண்டு, “இங்க, இந்தக் கட்டத்துல” என்று காட்டினார். தாளில் நிறைய இடம் மிச்சம் இருந்தது.

“முனியா, நீங்க வாங்கப்பா,” என்றார் முத்துராமன்.

முனியசாமி செருப்புகளைத் தாண்டி உள்ளே வந்தார். பேனாவை வாங்கக் கையை நீட்டினார். ஆத்மநாதன் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மேசை டிராயரிலிருந்து மூணு நாலு வெள்ளைத் தாள்களை எடுத்து வைத்தார். “ஒங்க ஆளுகளுக்கு இது.”

முனியசாமி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை. வெள்ளைத் தாளில், மேலே ஒரு எழுத்துக்கூட இல்லாத தாளில், முதல் ஆளாகத் தன் பேரை எழுதினார். அவருக்குப் பின்னால் தெரு ஆட்கள் வரிசை கட்டினார்கள். அஞ்சாறு பேர் போட்டும்விட்டார்கள். சுடர்விழி நாற்காலியை விட்டு எழுந்தாள்.

“அந்தத் தாள்ல எடம் இருக்கே சார்?”

“இருக்கு. ஆனா ஒங்க பக்கம் ஆள் ஜாஸ்தில்ல. கலந்து போட்டா எண்ண முடியாது. தனியா இருந்தாத்தான் ஃபைல்ல சேக்க வசதி.” சொல்லிக்கொண்டே ஆத்மநாதன் வெள்ளைத் தாள்களின் மூலையில் ஒரு கிளிப்பைச் செருகினார். ஊர்க்காரர் கையெழுத்துப் போட்ட தாளை மனுவோடு வைத்து ஸ்டேப்ளர் அடித்து முடித்திருந்தார்.

கிளிப்புப் போட்ட தாள் ஆபீஸில் எத்தனை நாள் தங்கும் என்று அவளுக்குத் தெரியும். கிளிப்பு எல்லாருக்கும் தேவைப்படுகிற சாமான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் ஆரோக்கியம்மாளின் முறை வந்துவிட்டது. அவள் குனிந்து பேனாவை எடுத்தாள். ஆத்மநாதன் அவளைப் பார்த்துவிட்டு, “பேனா வேண்டாம், நாட்டு வச்சாப் போதும்” என்றார். மேசை மேல் திறந்தபடி இருந்த மைப்பெட்டியை மூடி ஓரமாகத் தள்ளினார். பிரசாந்த் பையிலிருந்து இன்னொன்றை எடுத்தான். புத்தம் புதுசு. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

“ஒங்களுக்குன்னே புதுசா வாங்கியாந்தது,” என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

ஆரோக்கியம்மாள் அந்தப் பெட்டியைப் பார்த்தாள். ஓரத்தில் தள்ளி வைத்த பழைய பெட்டியையும் பார்த்தாள். உறையைக் கிழிக்கிற சத்தம் அந்தக் கூடத்தில் பெரிசாகக் கேட்டது.

“ஏந்தம்பி, அதுல என்ன, மை தீந்துபோச்சா?”

பிரசாந்த் கிழித்த உறையைக் கசக்கிப் பைக்குள் திணித்தான்.

“எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். எம் மக கத்துக் குடுத்திருக்கா,” என்றாள் ஆரோக்கியம்மாள். “இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி ஒங்கப்பாரு ஓட்டுப் போடுறப்ப வெரல்ல தடவச் சொல்லு.” சேலையை உதறிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். கையெழுத்துப் போடவில்லை. பேனாவையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

சுடர்விழி மனுவை மறுபடி எடுத்தாள். இந்தத் தடவை கால்மாட்டை விட்டுவிட்டு உடலை வாசித்தாள். ‘...எங்கள் ஊர் வரை பேருந்து வந்து திரும்பிச் செல்ல ஆவன செய்யுமாறு...’

“சார், ஒரே ஒரு கேள்வி. ‘ஊர் வரை’ன்னா எதுவரைக்கும்?”

ஆத்மநாதன் முத்துராமனைப் பார்த்தார்.

“ஊர்னா ஊர்தான்,” என்றார் முத்துராமன். “பிள்ளையார் கோயில் பொட்டல்ல வந்து திரும்பும். எடம் நம்ம எடம். எழுதிக் குடுக்குறேன்னு டெப்போல சொல்லியாச்சு.”

“கீழத்தெருவுக்கு?”

“பொட்டல்லேருந்து எட்டி நடந்தாத் தெரு. இன்னைக்கு முக்கத்துலேருந்து நடக்குறீங்க. நாளைக்குப் பொட்டல்லேருந்து நடப்பீங்க. லாபந்தானே?”

“நடுவுல கண்மாய்க்கர இருக்கு சார்.”

“கர இருந்தா என்ன? கரையில புலியா இருக்கு?”

“புலி இல்ல சார். பைக்குலதான் வருது. குடையால குத்துபட்டவன் மூஞ்சில இன்னும் தழும்பு இருக்கு. எந்தத் தெருக்காரன்னு ஒங்க எல்லாருக்கும் தெரியும்.”

சேவுகன் தரையைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். அவர் வீட்டுப் பிள்ளைதான்.

சுடர்விழிக்கு அப்போதுதான் கணக்கு முழுசாக விளங்கியது. கடைசி வரியை விட்டுக்கொடுத்தவர்கள், அந்த வரியில் இருக்கிற ஊரை விட்டுக்கொடுக்கவில்லை. பேர் ஊர் பொதுமக்கள். பஸ் அவர்கள் பொட்டலுக்கு. பஸ்ஸில் ஏறப்போகிற கையெழுத்து மட்டும் கீழத்தெருவுடையது. அதுவும் கிளிப்பில். இத்தனை நேரம் ஒரு வார்த்தைக்காகச் சண்டை போட்டோமே என்று அவளுக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது. அடுத்த நொடியே அந்த எரிச்சல் போய்விட்டது. சண்டை போடாமல் இருந்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

கிளிப்பைக் கழற்றி மேசையில் வைத்தாள். வெள்ளைத் தாள்களை எடுத்துத் தட்டி அடுக்கிக்கொண்டாள். முதல் தாளில் முதல் பேர், கோணல்மாணலாக, வி. முனியசாமி.

“ஏய், அத வையி,” என்றார் சேவுகன்.

“எங்க ஆளுக கையெழுத்து சார். எங்ககிட்டயே இருக்கட்டும்.”

“அத வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவ?” முத்துராமன் இன்னும் சிரித்த முகமாகத்தான் இருந்தார். “நூறு வேணும்ன்றாங்க.”

“எங்க தெருவுல பூட்டுன வீடு ஒண்ணுகூட இல்ல சார். பஸ்ஸுல ஏறாத ஆளும் இல்ல. நாளைக்குக் கலெக்டர் ஆபீஸ்ல எங்க மனு எங்களுக்கு. கீழத்தெருப் பள்ளிக்கூடத்துக்கிட்ட நல்ல எடம் இருக்கு. பஸ்ஸு அங்க வந்து திரும்பட்டும். போற வழிதானே, ஒங்க பொட்டல்லயும் நின்னு ஆள் ஏத்திக்கிட்டு வரட்டும். நாங்க வேண்டாங்கல.”

“காலனி மனுன்னு அது தனி ஃபைலாப் போகும்மா,” என்றார் ஆத்மநாதன். பதற்றத்தில் அவர் குரல் கொஞ்சம் உண்மையாகவே இருந்தது. “முப்பது வருசம் ஆபீஸ்ல இருந்தவன் சொல்றேன். எங்கயோ ஒரு மூலைல கெடக்கும்.”

“காலனின்னு யாரு சார் போடப்போறா? ‘இப்படிக்கு, இலுப்பக்காடு ஊர் பொதுமக்கள்.’ நீங்க எழுதுன வரிதான். நல்லாத்தான் இருக்கு. அதையே போட்டுக்கிர்றோம்.”

சிரிப்பு போய்விட்டது. முத்துராமன் எழுந்தார். அவர் எழுந்ததும் நாற்காலிகள் எல்லாம் கிறீச்சிட்டன.

“அது எங்க பேரு.”

“எங்க ரேஷன் கார்டுலயும் ஊருங்கிற எடத்துல அதான் சார் இருக்கு. சந்தேகம்னா பாத்துக்கிடுங்க. நான்தான் எல்லாருக்கும் அப்ளை பண்ணிக் குடுத்தேன்.”

“ரெண்டு மனு ஒரே பேர்ல போனா ரெண்டையும் தூக்கிக் குப்பைல போடுவான். பஸ்ஸே வராது. அந்தப் பாவம் ஒனக்கு வேணுமா?”

வராமலும் போகலாம் என்று சுடர்விழிக்குத் தெரியும். பக்கத்தில் நின்ற ஆரோக்கியம்மாளைப் பார்த்தாள். பணயத்தில் இருப்பது யார் மகளுடைய படிப்போ, அவள்தான் இதைச் சொல்ல வேண்டும்.

ஆரோக்கியம்மாள் அவள் கையிலிருந்த தாளைப் பிடுங்கினாள். மேசையில் வைக்கவில்லை. சுவரில் வைத்து அழுத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். எழுதி முடித்துப் பேனாவைச் சுடர்விழியிடம் கொடுத்தாள்.

“வராட்டிப் போவுது. பொட்டலுக்கு வர்ற பஸ்ஸும் எம் மகளுக்கு வராத பஸ்ஸுதான்,” என்றாள். “மிச்சப் பேருக்குத் தெருவுல போயி வாங்கு. இங்க எதுக்கு நிக்கிற?”

சுடர்விழி தாள்களைச் சுருட்டாமல், மடக்காமல், நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். தான் போட்ட நாற்காலியை எடுத்து அடுக்கில் திரும்ப வைக்கவில்லை. அது மேசைக்கு எதிரே அப்படியே கிடந்தது.

வாசலுக்குப் போகிற வழியில் முனியசாமி நின்றார். அவள் அவரைத் தாண்டிப் படியில் கால் வைத்தபோது முத்துராமனின் குரல் முதுகுக்குப் பின்னால் வந்தது. அவளைக் கூப்பிடவில்லை.

“முனியா. நாளைலேருந்து நீ தோட்டத்துக்கு வரவேண்டாம்.”

அவள் கால் ஒரு கணம் தயங்கியது. வீட்டு அடுப்பு கண்ணில் வந்து போனது. தம்பி செம்மலின் பள்ளிக்கூட ஃபீஸ் வந்து போனது. எல்லாம் வந்து போனது. ஆனால் முடிவு அதற்கெல்லாம் முந்தியே, அந்தப் பிளாஸ்டிக் உறை கிழிந்தபோதே எடுத்தாகிவிட்டது.

“சரிங்கய்யா,” என்ற அப்பாவின் குரல் கேட்டது. எப்போதும் சொல்கிற அதே ‘சரிங்கய்யா’. இதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு, கடையில் போய் டைப் அடிக்க வேண்டிய வாசகத்தை மனசுக்குள் அடுக்கியபடி, வெயிலில் இறங்கிக் கோயில் வளைவைப் பார்த்து நடந்தாள். பின்னால் கூடத்து வாசலில் செருப்புகளைத் தேடி மாட்டுகிற சத்தம், ஒருத்தருடையது இல்லை, பல பேருடையது, ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது.